மாடிவரை ஏறாத வெந்நீர்: பெரிய குடும்பத்து வீட்டுக்கு ஒரு கணக்கு

கூட்டுக் குடும்பம் வாழும் வீடுகளில் காலை ஐந்தரை மணி முதல் ஏழரை மணி வரையிலான இரண்டு மணி நேரம் ஒரு சிறு போர்க்களம். பள்ளி செல்லும் பிள்ளைகள், அலுவலகம் செல்லும் மகன், மருமகள், பூசைக்கு முன் நீராட வேண்டிய பெரியவர்கள் என அனைவருக்கும் அந்நேரத்திலேயே வெந்நீர் வேண்டும். “கீசர் போதவில்லை, பெரியதாக ஒன்று வாங்கவேண்டும்” என்ற முடிவு பல வீடுகளில் இந்த இரண்டு மணி நேரத்தில்தான் பிறக்கிறது. வீட்டுப் புதுப்பிப்புக் கடன் வேண்டி வரும் வாடிக்கையாளர்களின் பட்டியலிலும் கீசர், பிரஷர் பம்ப், சூரிய வெந்நீர்க் கலம் ஆகியவை அடிக்கடி இடம் பெறுகின்றன.

நாம் பொறியாளர்கள் அல்லர், கணக்கேடுகளோடு பழகியவர்கள். எனினும் வெந்நீர் விஷயத்தில் முதலில் தேவைப்படுவதும் கணக்குத்தான். எங்கே பற்றாக்குறை என்று அறியாமல் செய்யும் செலவு, குறையை அப்படியே விட்டுவிட்டுக் கையிருப்பை மட்டும் கரைக்கும். வெந்நீர் போதவில்லை என்று தோன்றும் பல வீடுகளில் உண்மையில் போதாமல் இருப்பது சூடு அன்று, அழுத்தம்.

ஒரு மாதிரி வீடு

பெங்களூரு போன்ற ஒரு நகரத்தில், தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். குடியிருப்போர் ஒன்பது பேர். தளத்துக்கு ஒரு குளியலறை. ஒவ்வொன்றிலும் 25 லிட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் திறனும் கொண்ட ஒரு கீசர். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயர மேடைமீது தண்ணீர்த் தொட்டி.

தொட்டியிலிருந்து தானாக இறங்கிவரும் நீருக்கு உயரமே அழுத்தம். 10 மீட்டர் உயர நீர்நிரல் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தளம் ஒன்றுக்கு 3 மீட்டர் என்றும், ஷவர் தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் கொண்டால், தரைத்தள ஷவருக்கு 7.9 மீட்டர் உயரம் கிடைக்கிறது. அதாவது ஏறத்தாழ 0.8 பார். முதல் மாடிக்கு 4.9 மீட்டர்; அரை பார். இரண்டாம் மாடிக்கு 1.9 மீட்டர் மட்டுமே, 0.2 பாருக்கும் குறைவு. தொட்டிக்கு மிக அருகில் இருக்கும் குளியலறைக்கே மிகக் குறைந்த அழுத்தம் என்பது முதலில் வியப்பாகத் தோன்றினாலும், இயற்கையின் கணக்கு அதுதான்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். மாடியில் ஷவர் சொட்டுவதால் மேல்தளத்தார் கீழே இறங்கி வருகின்றனர். ஒன்பது பேரும் தரைத்தளக் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கின்றனர். அங்குள்ள ஒரே கீசர் இரண்டு பேருக்குப்பின் குளிர்ந்த நீரைத் தருகிறது. ‘கீசர் சிறியது’ என்ற தீர்ப்பு எழுதப்படுகிறது. மேலே இருக்கும் இரண்டு கீசர்களும் சூடாகிய நீரோடு சும்மா இருக்கின்றன.

சூட்டின் கணக்கு

தொட்டி நீர் 20 டிகிரி செல்சியஸ், கீசரில் 60 டிகிரி, குளிக்க உகந்தது 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பாதி வெந்நீரும் பாதி தண்ணீரும் கலந்தால் 40 டிகிரி கிடைக்கும். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஆறு நிமிடம் குளிப்பவர் ஏறத்தாழ 50 லிட்டர் செலவிடுகிறார். வாளியில் குளிப்பவருக்கு 20 லிட்டர் போதும். ஆறு பேர் ஷவரிலும் மூன்று பேர் வாளியிலும் குளித்தால் மொத்தம் 360 லிட்டர்; அதில் கீசரிலிருந்து வரவேண்டியது 180 லிட்டர்.

25 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் கீசர் அதற்கு 35 நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒரே கீசரை நம்பி ஒன்பது பேரும் நின்றால், முதல் 25 லிட்டர் போக மீதமுள்ள 155 லிட்டரைச் சூடாக்க மூன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகும். மூன்று கீசர்களும் பயன்பட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. குளியலறைக்கு மூவர், ஐந்தரை, ஆறு பத்து, ஆறு ஐம்பது என்று 40 நிமிட இடைவெளியில் குளித்தால் ஏழு மணிக்குள் ஒன்பது பேரும் வெந்நீரில் குளித்து முடிக்கலாம். புதிதாக ஒரு கீசரும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மேல்தளக் குழாயில் நீர் விசையோடு வரவேண்டும்.

உடனடிக் கீசர்களைப் பற்றியும் ஒரு சொல். 3 கிலோவாட் திறனுள்ள 3 லிட்டர் கீசர், ஓடும் நீரை 20 டிகிரி உயர்த்துவதாயின் நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றே மேல்தான் தரமுடியும். சமையலறைத் தொட்டிக்கும் கை கழுவும் இடத்துக்கும் அது ஏற்றது. ஷவருக்கு அதனைப் பொருத்திவிட்டு நீர் மெதுவாக வருகிறது என்று குறைகூறுவதில் பயனில்லை.

ஒரு வாளி, ஒரு கடிகாரம்

பிளம்பரை அழைப்பதற்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். அளவு தெரிந்த வாளி ஒன்றை வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நிறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குளியலறையிலும் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். முதலில் மற்றக் குழாய்கள் மூடியிருக்க, பிறகு இன்னொரு தளத்தில் ஒரு குழாய் திறந்திருக்க. அரைமணி நேர வேலை. ஒரு பக்கக் கணக்கு.

அந்தக் கணக்கு நான்கு செய்திகளைச் சொல்லும். ஒரே ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்தால், குழாய் நுனியில் உள்ள வலையிலோ ஷவர் துளைகளிலோ அடைப்பு. தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்தால், கீசரின் நுழைவாய் வால்வு, அதனோடு இணைந்த வளைகுழாய், கீசரின் உட்புறப் படிவு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். இரண்டுமே மெலிந்தால் தொட்டியின் உயரமோ பிரதான குழாயோ காரணம். இன்னொரு தளத்தில் குழாய் திறந்தவுடன் வேகம் சரிந்தால், இறங்கு குழாயின் அளவு போதவில்லை என்று பொருள்.

சிறு செலவு முதலில்

முதற்படி தூய்மை. ஆழ்துளைக் கிணற்று நீர் பல நகரங்களில் கடினத்தன்மை மிக்கது. அதிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் சூடேறும்போது வெண்மையான படிவமாகக் கீசரின் கம்பிச்சுருளிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்கின்றன. நீர் வழி குறுகுகிறது. சூடாக அதிக நேரமும் அதிக மின்சாரமும் ஆகின்றன. ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுவதற்குச் செலவே இல்லை. கீசரின் உட்புறப் படிவை நீக்கி, உள்ளே இருக்கும் மக்னீசியத் தண்டு கரைந்துவிட்டதா என்று பார்ப்பதைக் கடினநீர்ப் பகுதிகளில் ஆண்டுதோறும் செய்வது நன்று. கலம் துருப்பிடிக்காமல் தன்னைத் தேய்த்துக்கொள்வது அந்தத் தண்டு. அது தீர்ந்தபின் கலம் தேயத் தொடங்கும். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குமேல் உயர்த்தாதிருப்பதும் படிவைக் குறைக்கும்.

இரண்டாம் படி குழாய். பழைய வீடுகளில் உள்ள ஜி.ஐ. குழாய்கள் உள்ளே துருவேறிப் பாதி அடைபட்டிருப்பது உண்டு. குழாயின் உள்விட்டம் சிறிதே கூடினாலும் பலன் பெரிது: அதே அளவு நீர் ஓடும்போது, 15 மில்லிமீட்டர் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் 20 மில்லிமீட்டர் குழாயில் ஏற்படும். ஆதலின் கீசர்வரை முக்கால் அங்குலக் குழாய் வந்து, கடைசிக் குழாயருகில் மட்டும் அரை அங்குலமாகக் குறைவது நல்லது. வெந்நீருக்கு சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். குழாயே ஏற்றது, சாதாரண யு.பி.வி.சி. குழாய் வெந்நீரின் சூட்டில் இளகிவிடும்.

மூன்று தளங்களும் ஒரே இறங்கு குழாயைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், கீழே ஒரு வாளி நிறையும்போது மேலே ஷவர் நின்றுவிடும். தொட்டியிலிருந்து மேல்தளத்துக்கென்றே தனியாக ஒரு குழாய் இறக்கிவிட்டால் இந்த வழக்கு தீர்ந்துவிடும். பம்ப் வாங்கும் எண்ணத்தையே பல வீடுகளில் இந்த ஒரு மாற்றம் ஒத்திவைக்கும்.

மூன்றாம் படி தொட்டியின் உயரம். நம் மாதிரி வீட்டில் மேடையை மேலும் ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் மேல்தள ஷவருக்கு 1.9 மீட்டருக்குப் பதில் 3.4 மீட்டர் கிடைக்கும். நீர்வரத்து மூன்றில் ஒரு பங்கு கூடும். மின்செலவு இல்லாத, பழுதாகாத முன்னேற்றம் இது. ஆனால் 1,000 லிட்டர் நீர் ஒரு டன் எடை. மேடை எந்தத் தூணின்மீது நிற்கிறது என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

பம்ப் வாங்குமுன்

மேற்கண்டவை போதாத வீட்டுக்குப் பிரஷர் பம்ப் தேவைப்படலாம். அதிலும் இரண்டு மாடிக்கும் சேர்த்துப் பெரிய பம்ப் வாங்குவதைவிட, குறையுள்ள மேல்தளத்துக்கு மட்டும் சிறிய பம்ப் போதும். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பம்ப் பொருத்தும் இடம். தண்ணீரும் வெந்நீரும் பிரிவதற்கு முன்னுள்ள பொதுக் குழாயில் அது அமையவேண்டும். தண்ணீர்க் குழாயில் மட்டும் பொருத்தினால் ஒருபக்கம் விசையும் மறுபக்கம் மெலிவுமாகி, கலக்கும் குழாயில் தண்ணீர் வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ‘கீசர் எரிகிறது, வெந்நீர் வரவில்லை’ என்ற புதிருக்கு இதுவே விடையாவதுண்டு. பின்னோட்டத்தைத் தடுக்கும் ஒருவழி வால்வு கட்டாயம்.

இரண்டாவது, கீசரின் தாங்குதிறன். எத்தனை பார் அழுத்தம்வரை தாங்கும் என்பது அதன் விவரத்தகட்டில் இருக்கும். பம்ப் தரும் உச்ச அழுத்தம் அதனைவிடக் குறைவாக இருக்கவேண்டும். மூன்றாவது, தொட்டி வற்றினால் பம்ப் தானே நிற்கும் ஏற்பாடு. மாநகராட்சியின் குழாயில் நேராகப் பம்பை இணைத்து உறிஞ்சுவது எந்நிலையிலும் தவறு. அடுத்த வீட்டுக்காரரின் நீரை எடுப்பதோடு கழிவுநீர் குழாய்க்குள் புகவும் அது வழிவகுக்கும்.

வெயிலும் காற்றும் தரும் சூடு

ஒன்பது பேர் வாழும் நம் மாதிரி வீட்டில் நாள்தோறும் குளியலுக்கு மட்டும் ஏறத்தாழ 8.4 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு ரூ.7 என்று கொண்டால் மாதம் ரூ.1,760 அளவில் வரும். இவ்வளவு பயன்பாடு உள்ள குடும்பத்துக்கே மாற்று வழிகள் பொருளாதார நோக்கில் பொருந்தும். இருவர் மட்டும் வாழும் வீட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தா.

நாளுக்கு 100 லிட்டர் தரும் சூரிய வெந்நீர்க் கலத்துக்கு ஏறத்தாழ 2 சதுர மீட்டர் வெயில் ஏற்கும் பரப்பு வேண்டும். நம் வீட்டுக்கு 200 லிட்டர் கலம் பொருந்தும். வெந்நீர்க் கலத்தைவிடத் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருந்தால்தான் கலம் நிறையும். தொட்டியை உயர்த்தாமல் கலத்தை மட்டும் வைத்துவிட்டால் வெந்நீர் பலவீனமாகவே வரும். கண்ணாடிக் குழல்களைக் கொண்ட சாதாரண வகைக் கலம் பம்பின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அமைந்ததன்று; விசை கூட்ட வேண்டுமாயின் கலத்திலிருந்து வெளிவரும் குழாயில், வெந்நீரைத் தாங்கும் பம்பையே பொருத்தவேண்டும்.

குழாயின் நீளத்தையும் மறக்கலாகாது. மாடியிலிருந்து தரைத்தளம்வரை 15 மீட்டர் நீளமுள்ள முக்கால் அங்குலக் குழாயில் நான்கரை லிட்டருக்கும் மேல் நீர் தங்கியிருக்கும். அது வெளியேறிய பின்னரே வெந்நீர் வரும். குழாய்மீது வெப்பக்காப்பு உறை சுற்றுவதும், ஒருவர்பின் ஒருவராக உடனுக்குடன் குளிப்பதும், முதலில் வரும் நீரை வாளியில் பிடித்துத் துணி துவைக்கப் பயன்படுத்துவதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

வெயில் விழும் மாடி இல்லாதவர்களுக்கு வெப்பப் பம்ப் கீசர் ஒரு வழி. காற்றிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து நீருக்கு ஊட்டுவதால், சாதாரணக் கீசரின் மின்செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும். விலை அதிகம், கடுங்குளிர்ப் பகுதிகளில் அதன் திறனும் குறையும். மின்கீசரே வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு நட்சத்திரக் குறியையும் பார்க்கவேண்டும். சூடான நீர் கலத்திலேயே இருக்கும்போது எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதைக் கொண்டே அக்குறி வழங்கப்படுகிறது.

பெரியவர்களும் குழந்தைகளும்

வெந்நீர் மாடிக்கு ஏறாத வீட்டில் மாற்றாக வருபவை ஆபத்தானவை. அடுப்பில் கொதித்த நீரை மாடிப்படியில் சுமந்து செல்வதும், வாளிக்குள் மின்கம்பியை இட்டுச் சூடாக்குவதும் இன்றும் காணக்கூடியவை. மின்கம்பியைப் பயன்படுத்துவோர், சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்தபிறகே நீரைத் தொடவேண்டும். மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் வைப்பது உயிருக்கே உலை வைக்கும். அது எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயக்கம் வந்த பின்னரே தெரியும், அப்போது கதவைத் திறக்கவும் வலுவிராது. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே இருக்கவேண்டும்.

60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். எனினும் கலத்தின் சூட்டை மிகவும் தாழ்த்துவதும் சரியன்று. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகும், 60 டிகிரியில் மடியும். கலத்தில் 60 டிகிரி வைத்து, பெரியவர்களும் குழந்தைகளும் பயன்படுத்தும் குழாயில் சூட்டைத் தானே மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்துவது இரண்டுக்கும் விடை. கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடேறும்போது சில துளி சொட்டுவது இயல்பு, அதனை அடைத்துவிடலாகாது. 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் இணைப்பும், முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் வேண்டும். மூன்று கீசர்கள் ஒருங்கே எரிந்தால் 6 கிலோவாட். மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த பளு அதற்கு இடங்கொடுக்கிறதா என்று மின்கட்டணச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் எப்போது?

தூய்மை, வால்வு, தனிக்குழாய் போன்றவற்றைக் கையிருப்பிலேயே முடித்துவிடலாம். எர்த், மின்கசிவுத் தடுப்பான், கேஸ் கீசரை இடம் மாற்றுதல் ஆகியவற்றை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. வீடு முழுவதும் குழாய் மாற்றுவது, சூரியக் கலம் அமைப்பது போன்ற பெரும் பணிகளுக்கே கடன் பொருந்தும். எடுத்துக்காட்டாக, ரூ.1,50,000 கடனை 10 விழுக்காடு வட்டியில் 36 மாதத் தவணையில் பெற்றால் மாதத் தவணை ரூ.4,840, மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.24,240. மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகை இத்தவணையை முழுதாக ஈடுகட்டாது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். அவசரமில்லாத பணிக்குத் தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் சேர்த்துச் செய்வது வட்டியைச் செலவாக அன்றி வரவாக மாற்றும்.

ஏற்கெனவே வீட்டுக்கடன் உள்ளவர்கள், தனிநபர் கடனை நாடுமுன் கூடுதல் வீட்டுக்கடனைப் பற்றிக் கேட்பது நன்று. பொதுவாக அதன் வட்டி குறைவு. கடைகளில் கிடைக்கும் ‘வட்டியில்லாத் தவணை’யில் செயலாக்கக் கட்டணத்தையும், ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களும் அடங்கிய ஆண்டு விழுக்காட்டைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை வாடிக்கையாளருக்கு அளிக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்திடுமுன் அதனைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை கழிவு பெறலாம், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிஎம் சூர்ய கர் திட்டத்தின் மானியம் மாடியில் மின்சாரம் தயாரிக்கும் சூரியத் தகடுகளுக்கே உரியது, வெந்நீர்க் கலத்துக்கு அன்று என்பதையும் நினைவில் கொள்க.

கடன் விண்ணப்பத்தோடு பம்பின் விலைப்பட்டியலைக் கொண்டுவருமுன், வாளிச் சோதனையின் ஒரு பக்கக் கணக்கை எழுதிப் பாருங்கள். எந்தத் தளத்தில், எந்தக் குழாயில், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியபின், செய்யவேண்டிய பணி பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். அப்படி மிஞ்சும் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.